படகு வரும்வரை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் தரைத்தள வீட்டில் இருக்கிறோம். நான், கணவர், நடக்கச் சிரமப்படும் மாமியார். கருப்பன் என்று ஒன்பது வயது நாட்டு நாய், 22 கிலோ. அம்மு, சிட்டு என்று இரண்டு பூனைகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் விடிவதற்குள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். படகில் வந்தவர்கள் "முதல்ல ஆளுங்க, நாய்க்கெல்லாம் இடமில்லை" என்றார்கள். கருப்பனை மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டிக் காலில் கட்டிவிட்டு வந்தோம். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் இழுத்து இழுத்துக் கழுத்தெல்லாம் ரணம். சிட்டு பரண்மேல் ஒளிந்துகொண்டு கைக்கே வரவில்லை. பதினோரு நாள் கழித்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தாள். மறுபடி மழைக்காலம் வருகிறது. இவர்களை எப்படி, எங்கே கொண்டுபோவது? சிதம்பரம் பக்கம் அம்மாவிடம் நான்கு ஆடுகளும் இருக்கின்றன. அவற்றுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.
- ஒரு வாசகி, முடிச்சூர்

பதில்:

மூன்றும் பிழைத்துக்கொண்டன என்பதில் முதலில் நிம்மதி. அன்று படகில் ஏறியதற்காக உங்களை நீங்கள் நொந்துகொள்ள வேண்டாம். இடுப்பளவு தண்ணீரில், நடக்க முடியாத பெரியவரை வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் வேறு எதுவும் செய்திருக்க முடியாது. செய்ய முடிந்ததெல்லாம் அதற்கு முந்தைய நாள் மாலையோடு முடிந்துவிட்டது. அந்த மாலையை இந்த முறை தவறவிடாமல் இருப்பதற்கான வழியைத்தான் சொல்லப்போகிறேன்.

உங்கள் பகுதியில் பலர் செய்யும் ஒரு பிழை, டிவியில் செம்பரம்பாக்கத்தில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. செம்பரம்பாக்கத்து உபரிநீர் திருநீர்மலை அருகில், அதாவது உங்களைத் தாண்டிக் கீழே போய்த்தான் அடையாற்றில் கலக்கிறது. முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் வெள்ளம் வருவது மணிமங்கலம், ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிவதால். அதற்குப் பெரிய முன்னறிவிப்பு எதுவும் கிடைக்காது. ராத்திரி ஒரு மணிக்குத் தெருவில் கணுக்கால் அளவு இருக்கும், நாலு மணிக்குக் கட்டில் மிதக்கும்.

அதனால் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வானிலை அறிவிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களுக்கு ஆரஞ்சு அலர்ட் வந்த அன்றே பூனைகள் இரண்டையும் வீட்டுக்குள் அடைத்துவிடுங்கள். ரெட் அலர்ட் என்றால் 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்யலாம் என்று பொருள். நாளைக்கு ரெட் அலர்ட் என்று சொன்னால், இன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே மூன்று பேரும், சரி, ஆறு பேரும் கிளம்பிவிட வேண்டும். 2024 அக்டோபரில் அலர்ட் வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அந்த மாலைதான் விலங்குகளையும் நகர்த்த வேண்டிய மாலை. மழை பிசுபிசுத்துப் போய், வீணாக அலைந்தோமே என்று தோன்றினாலும் பரவாயில்லை. கருப்பனுக்கு அது ஒரு இரவு வெளியூர் வாசம், அவ்வளவுதான்.

எங்கே போவது என்பதை அன்று மாலை யோசிக்க முடியாது. இந்த மாதமே மூன்று இடங்களைப் பேசி வைத்துவிடுங்கள். முதல் இடம், பக்கத்தில் மேடான பகுதியில் முதல் மாடியிலோ அதற்கு மேலோ இருக்கும் உறவினர் வீடு. "மழை வந்தால் வருவோம்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "நாயும் பூனையும் கூட வரும், நாய்க்குப் பால்கனியில் இடம் போதும், பூனைகள் ஒரு பாத்ரூமில் இருந்துகொள்ளும்" என்று உடைத்துச் சொல்லுங்கள். நாயென்றால் ஒத்துக்கொண்டு பூனையென்றால் மறுப்பவர்கள் உண்டு, அது இப்போதே தெரிந்தால் நல்லது. இரண்டாவது, வெள்ளம் எட்டாத வெளியூரில் ஒரு வீடு. மூன்றாவது, கட்டணம் வாங்கிக்கொண்டு நாய் பூனைகளைத் தங்கவைக்கும் போர்டிங். அங்கே தடுப்பூசி அட்டை இல்லாமல் சேர்க்க மாட்டார்கள், அலர்ட் வந்த மறுமணி நேரத்தில் இடமும் நிரம்பிவிடும். ரயிலை நம்ப வேண்டாம். நாயை ரயிலில் கொண்டுபோக முதல் வகுப்பில் கூபே எனும் இருவர் அறையையோ கேபின் எனும் நால்வர் அறையையோ முழுதாகப் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் லக்கேஜ் வேனில் ஏற்ற வேண்டும். புயலன்று ரயிலே ஓடுமா என்பது வேறு கேள்வி.

இப்போது சிட்டுவுக்கு வருகிறேன். இந்த மூவரில் கஷ்டமானவள் அவள்தான். பயந்த பூனை மேலே ஏறும், இல்லாவிட்டால் பீரோவுக்கு அடியில் போகும். இடி இடிக்கும்போது கையை நீட்டினால் கடிக்கும். ஆகவே பிடிக்கவேண்டிய நிலையே வராதபடி செய்ய வேண்டும். காய்கறி மார்க்கெட்டில் தக்காளி வரும் பிளாஸ்டிக் கிரேட் பழையதாகக் கிடைக்கும். ஒரு பூனைக்கு இரண்டு வாங்குங்கள். ஒன்றின்மேல் ஒன்றைக் கவிழ்த்தால் பக்கவாட்டில் காற்று வரும் பெட்டியாகிவிடும். ஒரு நீளப் பக்கத்தில் மூன்று கேபிள் டை போட்டுக் கீல் மாதிரி நிரந்தரமாக இணையுங்கள். எதிர்ப்பக்கத்தில் இரண்டு கொக்கிக் கயிறு. தூக்குவதற்குக் கயிற்றை அடிக்கிரேட்டுக்குக் கீழாகச் சுற்றிக் கொண்டுவந்து மேலே முடிச்சிடுங்கள். மேல் கிரேட்டின் கைப்பிடியில் மட்டும் கட்டினால், கனத்தில் கேபிள் டை தெறித்து அடிப்பாகம் தனியே விழும். இந்தப் பெட்டியில் நடக்கும் விபத்து பெரும்பாலும் இதுதான். உள்ளே நாலு மடிப்புச் செய்தித்தாள், அதன்மேல் அவள் படுத்து அவள் வாசனை ஏறிய பழைய துண்டு.

இந்தப் பெட்டியை இன்றிலிருந்தே ஹாலில் திறந்து வையுங்கள். முதல் மூன்று நாள் சாப்பாட்டுத் தட்டைப் பெட்டிக்குப் பக்கத்திலும், அடுத்த வாரம் வாசலிலும், அதற்கடுத்து உள்ளேயும் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே உள்ளே போய்த் தூங்க ஆரம்பித்துவிடும். அதன்பிறகு சாப்பிடும்போது ஒரு நிமிடம் மூடித் திறங்கள், பிறகு ஐந்து நிமிடம். ஒரு பெட்டியில் இரண்டு பூனைகளைப் போடக்கூடாது. வீட்டில் கட்டிப்பிடித்துத் தூங்குபவைகூடப் பயத்தில் ஒன்றையொன்று கிழித்துவிடும். ஆரஞ்சு அலர்ட் அன்று அடைக்கும் அறையில் பரணோ பெரிய பீரோவோ இருக்கக்கூடாது. பரணுக்கு ஏறும் வழியை முதலில் அடையுங்கள். அப்படியும் பெட்டிக்குள் போகவில்லையென்றால் கடைசி வழி தலையணை உறை. பெரிய துண்டால் மொத்தமாகப் போர்த்தி, அப்படியே உறைக்குள் இறக்கி, வாயை முடிந்து, வண்டிவரை கொண்டுபோய் அங்கே பெட்டியில் அவிழ்த்துவிடலாம்.

கருப்பனுக்குக் கழுத்துப்பட்டை போதாது. பயந்த நாய் முன்னால் இழுக்காது, பின்வாங்கும். அப்போது பட்டை காது வழியாக உருவிக்கொண்டு வரும், நாய் தண்ணீரில் குதித்துப் போய்விடும். நெஞ்சையும் தோளையும் சுற்றி வரும் ஹார்னஸ் வாங்குங்கள். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று நுழைந்தால் தளர்வு. ஆறடி நைலான் கயிறு போதும், இரும்புச் சங்கிலி வேண்டாம். கழுத்துப்பட்டையில் பெயரைவிட முக்கியம் இரண்டு போன் எண்கள். ஒன்று உங்களுடையது, இன்னொன்று வெளியூரில் இருப்பவருடையது. வெள்ளத்தில் உங்கள் பகுதி டவர் செத்துவிட்டால் உங்கள் எண்ணால் பிரயோசனம் இல்லை. அரிசி அளவே உள்ள மைக்ரோசிப் போடுவதும் நல்லது. ஆனால் கருவி இல்லாமல் அதைப் படிக்க முடியாது, எனவே பட்டை எண்ணுக்கு அது மாற்றில்லை.

படகுக்காரர்கள் தயங்குவதற்கு உண்மையான காரணங்கள் உண்டு. கடித்துவிடுமோ, துள்ளிப் படகைச் சாய்த்துவிடுமோ, நகம் ரப்பரைக் கீறிவிடுமோ என்ற பயம்தான். வாய்மூடி போட்ட, கையில் அடங்கி நிற்கிற நாயை ஏற்ற மனம் வரும். கூடை மாதிரியான வாய்மூடி ஒன்றை வாங்கி, உள்ளே கோழித்துண்டு வைத்து இப்போதே பழக்குங்கள். அது கையில் இல்லாத நேரத்தில் பழைய வேட்டியில் இரண்டங்குல அகலம், நாலடி நீளத்துக்கு ஒரு துண்டு கிழித்துக்கொள்ளுங்கள். வளையமாக்கி மூக்கின்மேல் போட்டு இறுக்கி, முனைகளைத் தாடைக்குக் கீழே கொண்டுபோய் ஒரு சுற்று, பிறகு காதுகளுக்குப் பின்னால் சுருக்கு முடிச்சு. இது ஏறி இறங்கும் சில நிமிடங்களுக்கு மட்டும்தான். நாய்க்கு உடம்புச் சூடு தணிவது நாக்கை நீட்டி மூச்சிரைப்பதால்தான். வாயைக் கட்டி வைத்தால் மூச்சுத் திணறும், வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். பக் போலச் சப்பை மூக்கு நாய்களுக்கு இதைக் கட்டவே கூடாது. படகில் நடுவில், உங்கள் கால்களுக்கு இடையில் உட்காரவைத்து, அடியில் கனத்த சாக்கோ மெத்தை விரிப்போ போடுங்கள். கயிற்றைக் கையில் பிடித்திருங்கள், படகில் கட்டாதீர்கள். கவிழ்ந்தால் கட்டிய நாய் படகோடு மூழ்கும்.

இடிக்கு நடுங்கும் நாய்க்கு மருந்து உண்டு. ஆனால் வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையோ சளி மாத்திரையோ வேண்டாம். உங்கள் கால்நடை மருத்துவரிடம் எடைக்கேற்ற அளவில் வாங்கி, மழையில்லாத ஒரு நாளில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். சில நாய்கள் அமைதியாகும், சில தள்ளாடும். தள்ளாடும் நாயைத் தண்ணீர் சூழ்ந்த இடத்தில் வைத்துக்கொள்வது ஆபத்து.

சாமான்களுக்கு மூடியுள்ள 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் ஒன்றை நன்றாகக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் புகாது, விழுந்தால் மிதக்கும், போன இடத்தில் கழுவவும் உதவும். 22 கிலோ நாய்க்கு உலர் தீனி நாளுக்குச் சுமார் 300 கிராம். ஏழு நாளைக்கு ஏழு ஜிப் பொட்டலம், ஒவ்வொன்றும் 300 கிராம். யார் கையில் நாய் இருந்தாலும் "ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம்" என்றால் போதும். பூனை ஒன்றுக்கு நாளுக்கு 60 கிராம், ஆக இருவருக்கும் வாரத்துக்கு ஒரு கிலோவுக்குள். வீட்டில் சோறும் கோழியும் கொடுத்துப் பழக்கியிருந்தால், இப்போதே கால் பங்கு உலர் தீனி கலக்க ஆரம்பியுங்கள். திடீரென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு நிச்சயம், அதுவும் அடுத்தவர் வீட்டில். குடிநீர் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி. மூவருக்கும் சேர்த்து நாளுக்கு ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல், கையில் மூன்று நாளைக்கு ஐந்து லிட்டர். வலிப்பு, இதயம், தைராய்டு என்று தொடர் மாத்திரை சாப்பிடும் பிராணியாக இருந்தால் இரண்டு வாரத்துக்கானது கட்டாயம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வரும். தடுப்பூசி அட்டையின் நகல், உங்களோடு சேர்ந்து எடுத்த போட்டோ, பழைய துண்டு இரண்டு, பூனைகளின் கழிப்புக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு, ஐந்து கிலோ மணல். இவை எல்லாம் பக்கெட்டிலும் ஒரு சாக்கிலுமாக அடங்கிவிடும்.

கிளம்பும் வரிசையும் உண்டு. முதலில் பூனைகள் பெட்டிக்குள், பிறகு மாமியார் வண்டியில், பிறகு பெட்டிகளும் பக்கெட்டும், கடைசியாகக் கருப்பன். மாமியாரை முதலில் ஏற்றிவிட்டுப் பூனையைத் தேடினால் அவர் மழையில் காத்துக்கிடக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் வைத்து ஒத்திகை பாருங்கள், இருபது நிமிடத்துக்குள் வர வேண்டும்.

இத்தனைக்கும் மேல் முகாமுக்குத்தான் போகவேண்டி வந்தால், பள்ளிக்கூடமோ கல்யாண மண்டபமோ, உள்ளே நாயை விடமாட்டார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 2005இல் கத்ரீனா புயலின்போது வளர்ப்புப் பிராணிகளை விட்டு வரமாட்டோம் என்று பலர் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். அதைப் பார்த்துத்தான் மறு ஆண்டே, வெளியேற்றத் திட்டத்தில் பிராணிகளும் இருக்கவேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். இங்கே நீங்கள்தான் பொறுப்பாளரிடம் பேச வேண்டும். "உள்ளே விடுங்கள்" என்று கேட்காமல், "வராந்தா ஓரமோ, மாடிப்படிக்கு அடியிலோ, சைக்கிள் ஷெட்டோ கொடுங்கள், தடுப்பூசி அட்டை இதோ, நாங்களே சுத்தம் செய்துகொள்கிறோம்" என்று கேளுங்கள். சமையல் இடத்திலிருந்தும் குழந்தைகளிடமிருந்தும் தள்ளி இருங்கள். யாரையாவது கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள். உங்கள் நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் இதில் மாற்றமில்லை.

முகாமில் வரும் பொட்டலச் சாப்பாட்டை அப்படியே போடாதீர்கள். சாம்பார் சாதத்திலும் தக்காளி சாதத்திலும் வெங்காயம், பூண்டு இருக்கும். இரண்டும் நாய், பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், பூனைக்குக் கொஞ்சமே போதும். திராட்சை போட்ட பன், சாக்லேட் பிஸ்கட்டும் கூடாது. வேறு வழியில்லை என்றால் தாளிக்காத தயிர் சாதம். புது இடத்தில் பூனை சாப்பிடாமல் இருக்கும், இரண்டு நாளுக்கு மேல் போனால் ஈரல் கெட ஆரம்பிக்கும். நெத்திலிக் கருவாட்டைத் தண்ணீரில் ஊறவைத்து உப்பை வடித்து, ஒரு சிட்டிகை பொடித்துத் தீனிமேல் தூவுங்கள், வாசனைக்கே வாய் வைக்கும். காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அரை மாத்திரை ஒரு பூனையைக் கொல்லும்.

ஒருவேளை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்ற நிலை வந்தால், கட்டாதீர்கள், கூண்டில் பூட்டாதீர்கள். தண்ணீர் ஏறிக்கொண்டே போகும், கயிறு நீளாது. கருப்பன் மாடியில் இருந்ததால் பிழைத்தான். தரைத்தளத்தில் அதே கட்டு உயிரைக் குடித்திருக்கும். மாடிப்படிக் கதவைத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாமல் செங்கல் வையுங்கள். மாடியில் மழைபடாத ஓர் இடம் வேண்டும். தண்ணீர்த்தொட்டி மேடைக்கு அடியில் தார்ப்பாய் கட்டினாலும் போதும். மூன்று நாளைக்கான உலர் தீனியை இரண்டு மூன்று இடமாகப் பிரித்து வையுங்கள், கனமான அகலப் பாத்திரங்களில் குடிநீர் வையுங்கள். பூனைகளுக்குத் தனி அறை, உயரத்தில் ஏற மேசைமேல் நாற்காலி. வாசலில் பெயிண்டிலோ அழியாத மார்க்கரிலோ "மாடியில் 1 நாய், அறையில் 2 பூனை, உயிரோடு உள்ளன" என்று தேதியும் போன் எண்ணும் சேர்த்து எழுதிவிட்டு, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077இல் பதிவு செய்யுங்கள். நாயை இழுத்துக்கொண்டு தண்ணீரில் நடந்தே போய்விடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். திறந்த சாக்கடையும் அறுந்த மின்கம்பியும் கண்ணுக்குத் தெரியாது.

திரும்பி வந்தபின்னும் ஆபத்து இருக்கிறது. வெள்ளம் வடிந்ததும் வீட்டை ஃபினாயில் ஊற்றிக் கழுவுவோம். அதிலுள்ள பொருளைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. ஈரத் தரையில் நடந்து, பாதத்தை நக்கினாலே விஷம் ஏறும். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, முழுதாகக் காய்ந்தபின்தான் பூனைகளை உள்ளே விடுங்கள். நாயை வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி விரலிடுக்கையெல்லாம் பாருங்கள். சின்னக் காயத்தில்கூட ஈ மொய்த்து ஓரிரு நாளில் புழு வைத்துவிடும், அதில் மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்ற வேண்டாம். வாசனைகள் எல்லாம் மாறிப்போயிருக்கும், சுற்றுச்சுவர் எங்கேயாவது விழுந்திருக்கும், தெரிந்த தெருவிலேயே நாய் வழி தவறும். ஒரு வாரம் கயிறில்லாமல் வெளியே விடாதீர்கள். இரண்டு வாரத்துக்குள் சாப்பாட்டை மறுப்பது, வாந்தி, ஈறு மஞ்சளாவது, சிறுநீர் கறுத்துப்போவது என்று எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனை. எலிக்காய்ச்சலாக இருக்கலாம், அது நாயின் சிறுநீர் வழியாக உங்களுக்கும் வரும். துடைக்கும்போது கையுறை போடுங்கள்.

எலிக்காய்ச்சல் தடுப்பூசிக்குக் கணக்கு இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். கருப்பனுக்கு வருடாவருடம் போட்டு வந்திருந்தால் செப்டம்பரில் ஒரு ஊசி. இடையில் விட்டுப்போயிருந்தால் மூன்று, நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி, ஆகவே முதல் ஊசி செப்டம்பர் முதல் வாரத்திலேயே. எல்லா வகைக் கிருமியையும் அது தடுக்காது என்பதால் மேலே சொன்ன கவனம் அப்போதும் தேவை. பூனைகளுக்கு வெறிநோய் ஊசியோடு, மற்ற பூனைகள் இருக்கும் இடங்களில் தொற்றும் பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோய்க்கான ஊசியும் போடுங்கள்.

அம்மாவின் ஆடுகளுக்கு மழைக்கு முன்பே துள்ளுமாரி நோய்க்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் ஊசி போட்டுவிடச் சொல்லுங்கள். கால்நடை மருந்தகத்தில் கேட்கலாம். மழைக்குப் பின் முளைக்கும் இளம்புல்லை வெறும்வயிற்றில் மேய்ந்தால் துள்ளுமாரி அடிக்கலாம், எனவே காலையில் கடலைக்கொடியோ வைக்கோலோ கொடுத்தபின் அவிழ்க்கட்டும். புயல் இரவில் மேடான இடத்துக்கு ஓட்டிவிட்டு, கட்டுக் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். நோய்ப்பட்டால் கால்நடை ஆம்புலன்சுக்கு 1962. இறந்துபோனால் உடனே புதைத்துவிடாமல் போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் தெரிவித்துச் சான்று வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மிக்ஜாம் புயலுக்கு ஆடு ஒன்றுக்கு 4,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். சான்று இல்லாமல் புதைத்துவிட்டு அப்புறம் போய் நின்றால் அந்தப் பணம் கைக்கு வருவது கஷ்டம்.